கரண்ட் ரூம் சாவிக்கு ஒரு கையெழுத்து

என் அக்காவின் வீட்டுக்காரர் இந்த ஊரில் நடந்த அத்தனை அரசியல் கூட்டங்களுக்கும் போயிருக்கிறார். இருபத்திரண்டு வருடமாக, முதல் ஆளாகப் போய்க் கடைசி ஆளாகத் திரும்பியிருக்கிறார். ஆனால் அந்தக் கூட்டங்களில் யார் என்ன பேசினார்கள் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு வரி சொல்லமாட்டார். மறைக்கிறார் என்று நினைக்க வேண்டாம். மனிதருக்குச் சத்தியமாகத் தெரியாது.

அவர் மைக்செட் வைத்திருப்பவர். தெருவில் அவருக்கு ஹலோ என்று பெயர். கூட்டம் தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது மேடையில் ஏறி, மைக்கைப் பிடித்து, "ஹலோ... ஹலோ... ஒன்... டூ... த்ரீ..." என்பார். பிறகு இறங்கி மைதானத்தின் கடைசி வரைக்கும் நடந்து போய், அங்கே நின்று ஒரு தடவை கைதட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் மைக்கில் பேசிய மொத்தப் பேச்சும் இவ்வளவுதான். சின்னவர்களுக்கு அவர் ஹலோ அண்ணன், பெரியவர்களுக்கு ஹலோ தம்பி. எனக்கு அத்தான்.

கூட்டம் தொடங்கிவிட்டால் மேடைக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொள்வார். முன்னால் மிக்ஸர், இரண்டு காதிலும் ஹெட்ஃபோன். பேசுகிறவரின் வாயிலிருந்து கண்ணை எடுக்கமாட்டார். தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள், 'அடடா, என்ன ஒரு பற்று, எப்படி உருகிப்போய்க் கேட்கிறார் பார்' என்று நினைப்பார்கள். அவர் பார்ப்பது உதட்டை. 'ப' வந்தால் காற்று மைக்கில் அடிக்கும், 'ச' வந்தால் சீறும். அதற்குத் தகுந்தபடி விரல் குமிழில் வேலை செய்யும். அந்தப் 'ப'வும் 'ச'வும் சேர்ந்து என்ன சொல்லாக ஆகின என்பது அவர் இலாகா இல்லை.

நீல அட்டை போட்ட ஒரு நோட்டு வைத்திருக்கிறார். அதில் ஊர்ப் பிரமுகர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். எந்தக் கட்சி, என்ன பதவி என்று ஒன்றும் இருக்காது. இப்படித்தான் இருக்கும்:

'கண்ணாடிக்காரர். மைக்கை முழுங்குவார். ஸ்பாஞ்ச் இரண்டு போடவும்.'

'உயரமான அம்மா. தள்ளி நிற்பார், ஏற்றி வைக்கவும். கத்துவதற்கு முன்னால் மூக்கால் மூச்சு இழுப்பார். இழுத்ததும் இறக்கவும்.'

'பல்செட் வாத்தியார். எதைச் சொன்னாலும் விசில்.'

அந்த நோட்டை மட்டும் எதிர்க்கட்சிக்காரர்கள் பார்த்திருந்தால் போதும், தேர்தலே நடத்த வேண்டியிருந்திருக்காது.

எல்லாக் கட்சிக்கும் அவரைப் பிடிக்கும். "ஹலோ, நீங்க நம்ம ஆளுதானே?" என்று தோளில் கை போட்டுக் கேட்பார்கள். "நான் எல்லாருக்கும் ஒரே வால்யூம் சார்" என்பார். ஒரு தடவை ஒரு கட்சிக்காரர் வீட்டுக்கே வந்து, நாளைக்கு எதிராளி கூட்டத்தில் செட் கொஞ்சம் கரகரவென்று வந்தால் நன்றாக இருக்கும் என்று மென்று முழுங்கிச் சொன்னார். அத்தான் பதறிவிட்டார். அநியாயத்தைக் கண்ட பதற்றம் என்று எண்ணி நானும் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது இது: "கரகரன்னு வந்தா என் பாக்ஸப் பத்தி என்ன நினைப்பாங்க சார்?"

ஓட்டுப் போடுகிற நாளில் தூங்குவார். அதற்கு முந்தைய மூன்று வாரமும் தொண்டை கிழியக் கத்துகிறவர்களின் தொண்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு வேறு என்ன செய்யத் தோன்றும்? அக்கா தனியாகப் போய் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டுவிட்டு வருவாள். வந்து, அவர் போர்வையை விலக்கி, மை வைத்த விரலை முகத்துக்கு நேரே நீட்டுவாள். "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுப்பார்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நான் அதே வீட்டின் மாடியில் இருக்கிறேன், சாப்பாடு கீழே அக்கா வீட்டில். மருந்துக் கடையில் வேலை. தினமும் மூன்று செய்தித்தாள் படிக்கிறேன். எந்தத் துறைக்கு யார் மந்திரி, யார் யாரோடு பேசுவதில்லை, அது ஏன், எல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இருமல் மருந்து வாங்க வந்தவரை இருபது நிமிடம் நிறுத்தி வைத்து நாட்டு நிலைமையைச் சொல்லி அனுப்புவேன். எங்கள் முதலாளி கடையில் 'இங்கு அரசியல் பேசக் கூடாது' என்று ஒரு அட்டை எழுதி மாட்டியிருக்கிறார். மற்றக் கடைகளில் அது வாடிக்கையாளரைப் பார்த்து இருக்கும். எங்கள் கடையில் என்னைப் பார்த்து இருக்கிறது.

ஆகவே எனக்கும் அத்தானுக்கும் சாப்பாட்டு மேசையில் ஏழாம் பொருத்தம்.

"நாடு எங்க போயிட்டு இருக்குன்னு தெரியுமா அத்தான்?"

"மெதுவா பேசு மாப்ள. உன் குரல்ல நடுவுல ஒரு தகர சத்தம் வருது."

"நான் என்ன சொல்றேன், நீங்க என்ன சொல்றீங்க!"

"நீ என்ன சொன்ன?"

இதைக் கேட்டு அக்கா சிரிப்பாள். இரண்டு பேரையும் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று எனக்கு அப்போது தெரியாது.

அக்கா பெரிய ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு அறையில் உதவியாளர். பட்டைத் துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து டாக்டர் கையில் கொடுப்பது, கட்டு காய்கிற வரைக்கும் கையையோ காலையோ அசையாமல் பிடித்துக்கொள்வது, இதுதான் வேலை. சொல்லப்படாத வேலை ஒன்றும் உண்டு. அழுகிற குழந்தைகளிடம் வாய் ஓயாமல் பேசுவது. மரத்திலிருந்து விழுந்ததா, மாடிப்படியிலிருந்தா, யார் தள்ளிவிட்டது, அவனைத் திருப்பித் தள்ளினாயா என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். குழந்தை நியாயம் சொல்லி முடிப்பதற்குள் கட்டு காய்ந்திருக்கும். அந்த வேலை அவளுக்கு உயிர். ஊரில் பாதிப் பேரின் எலும்பை அவளுக்குத் தெரியும்.

அவளுடைய சொந்த எலும்புதான் சரியில்லை. நான்கு வருடமாக வலது முட்டியில் தேய்மானம். வீட்டுக்குள் நடப்பாள், ஆஸ்பத்திரிக்குள் நடப்பாள், நடுவில் உள்ள தூரத்தை ஏழாம் நம்பர் பேருந்து பார்த்துக்கொண்டது. அது எங்கள் தெருவுக்குள் மேடு ஏறி வந்து, தெருக்கோடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றித் திரும்பும். தொட்டிக்கு எதிரில்தான் எங்கள் வீடு. அக்கா வாசலில் செருப்பைப் போடுவது டிரைவருக்குத் தெரியும். ஒரு செருப்புதான் போட்டிருக்கிறாள் என்றால் இன்னொன்றைப் போடும் வரை நிற்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அக்கா கடைக்குள் வந்தாள். வேலை நேரத்தில் அவள் வருகிற ஆள் இல்லை. கையில் ஒரு காகிதம், ஓரமெல்லாம் பசை. நிறுத்தத்துக் கம்பத்திலிருந்து உரித்துக்கொண்டு வந்திருந்தாள்.

"டேய், இதப் படி. சத்தமா படி."

படித்தேன். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து ஏழாம் நம்பர் பேருந்து எங்கள் தெருவுக்குள் வராது, மெயின் ரோட்டோடு நேராகப் போய்விடும். பயண நேரத்தில் பத்து நிமிடம் மிச்சம். 'பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் இத்தெருவாசிகள் தரப்பில் ஆட்சேபணை ஏதும் தெரிவிக்கப்படாததால் இம்மாற்றம் உறுதி செய்யப்படுகிறது.'

"தெருவாசின்னா நாமதானே? நம்மகிட்ட யாருடா கேட்டாங்க?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இது திட்டமிட்ட சதி என்றேன். மெயின் ரோட்டில் யாருக்கோ நிலம் இருக்கிறது என்றேன். கூட்டமே நடந்திருக்காது, காகிதத்தில் நடத்தியிருப்பார்கள் என்றேன். தலைவலி மாத்திரைக்கு வந்த ஒருவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இரண்டு அட்டையாக வாங்கிப் போனார்.

மறுநாள் அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். போகிற வழியெல்லாம் வசனம் தயார் செய்துகொண்டே போனேன். அங்கே ஓர் எழுத்தர் அம்மாள், நான் இரண்டாவது வசனத்தில் இருக்கும்போதே கோப்பை எடுத்துப் பிரித்துவிட்டார்.

"கூட்டம் நடந்துச்சு சார். போன மாசம் எட்டாம் தேதி, நம்ம ஹால்லதான். பேப்பர்லகூட அறிவிப்பு வந்துச்சே. நாலு தெருவுலேர்ந்து பஸ்ஸ எடுக்கறதா இருந்துச்சு. மூணு தெருக்காரங்க வந்து ஒரே சத்தம். அதனால அவங்களுக்கு அப்படியே விட்டாச்சு. உங்க தெருவுலேர்ந்தும் ஒருத்தர் வந்திருந்தாரு. அவரு ஒண்ணும் சொல்லல."

"யாரு அந்தப் புண்ணியவான்?"

வருகைப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். முதல் வரி. எங்கள் தெருவின் பெயர். அதற்கு நேரே கையெழுத்து. கடைசி எழுத்தை இழுத்து, வளைத்து, உள்ளே உள்ளே சுருட்டிக்கொண்டே போய் ஒரு புள்ளியில் முடித்திருந்தது. கேபிளைச் சுருட்டுகிற மாதிரி. உலகத்தில் ஒரே ஒரு மனிதர்தான் அப்படிக் கையெழுத்துப் போடுவார்.

"முதல் ஆளா வந்தாரு சார்" என்றார் அந்த அம்மாள், பாராட்டுகிற குரலில். "கடைசி வரைக்கும் இருந்தாரு. அதிகாரி பேசும்போது கண்ணக்கூட எடுக்கல. இப்படிக் கவனமா கேக்கறவங்க யாரு இருக்கா இப்ப?"

என் வசனம் எல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மறுபரிசீலனை கேட்கலாம், பத்தொன்பதாம் தேதி அதற்கென்று ஒரு கூட்டம் இருக்கிறது, ஒரு தெருவுக்கு ஐந்து நிமிடம் என்று அவரே சொல்லி, நகலும் எடுத்துக் கொடுத்து அனுப்பினார்.

அன்று சாயங்காலம் அத்தான் சாப்பாட்டு மேசையில் மைக் வயரை ஈயத்தால் பற்றவைத்துக்கொண்டிருந்தார். அக்கா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து நாற்காலியில் காலை நீட்டியிருந்தாள். நான் நகலை மேசையில் வைத்தேன்.

"இது உங்க கையெழுத்தா அத்தான்?"

எட்டிப் பார்த்தார். "ஆமா. கரண்ட் ரூம் சாவி வேணும்னேன். இதுல கையெழுத்துப் போட்டாத்தான் தருவோம்னாங்க. போட்டேன்."

"அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு பார்த்தீங்களா?"

"சாவிக்குத்தானே மாப்ள, என்ன எழுதியிருந்தா என்ன."

அக்கா நகலை எடுத்துப் படித்தாள். மறுபடியும் ஒரு தடவை படித்தாள். பிறகு, ரொம்ப சாதாரணமான குரலில், "அன்னிக்கு அங்க என்னங்க பேசினாங்க?" என்று கேட்டாள்.

அத்தான் சந்தோஷமாக எழுந்து போய் நீல நோட்டைக் கொண்டுவந்தார். தன் தொழிலைப் பற்றி அக்கா கேட்பது அபூர்வம். பக்கத்தைத் தேடி எடுத்து உரக்கப் படித்தார்.

"எட்டாம் தேதி. போக்குவரத்து அதிகாரி. புது ஆள். நல்ல கனமான குரல். பேப்பர் சலசலக்கும், மைக்கைத் தள்ளி வைக்கவும். பதினாலு நிமிஷம். ஒரு இடத்திலும் ஊளை இல்லை."

மைக்கும் பாக்ஸும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டால் கீச்சென்று ஒரு சத்தம் கிளம்புமே, அதைத்தான் ஊளை என்பார். ஊளை இல்லாத கூட்டம் அவருக்குப் பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கின மாதிரி. அந்த வரியைக் கொஞ்சம் பெருமையோடுதான் தொடங்கினார். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கடைசிச் சொல்லை மெதுவாகச் சொன்னார்.

"அந்தப் பதினாலு நிமிஷத்துலதாங்க என் பஸ்ஸ எடுத்திருக்காங்க" என்றாள் அக்கா. "நம்ம தெருவுல யாருக்கும் ஆட்சேபணை இல்லைன்னு நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

நான் வாயைத் திறந்தேன். வருடக்கணக்காகச் சேர்த்து வைத்ததெல்லாம் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. அக்கா என் பக்கம் திரும்பாமலே கையை நீட்டித் தடுத்தாள்.

"நீ சும்மா இரு. மூணு பேப்பர் படிக்கிறியே. அறிவிப்பு பேப்பர்ல வந்துச்சாமே. நீ எங்கடா போயிருந்த?"

அது ஒன்பதாம் பக்கத்தில், டெண்டர் அறிவிப்புகளுக்குக் கீழே வந்திருந்தது. பிறகு தேடிப் பார்த்தேன். அன்றைக்கு நான் முதல் பக்கத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

"உங்களுக்கு அரசியல் பிடிக்காது, சரி" என்றாள் அவரைப் பார்த்து. குரல் உயரவில்லை, ஆனால் உடைந்திருந்தது. "எனக்கும்தான் பிடிக்காது. உங்கள ஒரு நாளும் ஒரு கட்சிக்குப் போங்க, கொடி பிடிங்கன்னு சொன்னதில்ல. ஆனா நான் வேலைக்குப் போறது அரசியலா? இந்த முட்டிய வச்சுக்கிட்டு நான் எத்தன நாள் அந்த மெயின் ரோடு வரைக்கும் நடப்பேன்? ஒரு மாசம் நடப்பேன். ரெண்டு மாசம் நடப்பேன். அப்புறம் வீட்டுல உக்காந்துருவேன். எனக்கு வீட்டுல உக்கார இஷ்டமில்லீங்க."

அத்தான் பற்றவைக்கிற கம்பியின் பிளக்கைப் பிடுங்கினார். அவருக்குப் பேச வராது. அதற்குத்தான் ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்களே என்று இருந்துவிட்ட மனிதர்.

மறுநாள் காலையில் ஏழாம் நம்பர் வந்து வாசலில் நின்றது. அக்கா இரண்டு செருப்பையும் போட்டுக்கொண்டு டிரைவரைப் பார்த்துக் கையை ஆட்டினாள். "நீங்க போங்க. அடுத்த மாசம் நடக்கத்தானே போறேன், இன்னிக்கே நடந்து பார்த்துக்கறேன்." டிரைவர் விழித்தார். அத்தான் அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். நான் கடைக்குப் போகிற சாக்கில் பின்னால் போனேன்.

அத்தான் தனியாக நடந்தால் பதினோரு நிமிடம். அக்காவோடு இருபத்து மூன்று. நான்கு இடத்தில் நின்றாள். முதல் இடத்தில் செருப்பைச் சரிசெய்கிற மாதிரி நடித்தாள். இரண்டாவதில் பக்கத்து வீட்டுக் கர்ப்பிணிப் பெண்ணோடு பேசுகிற சாக்கு. மூன்றாவதில் சாக்குக் கிடைக்கவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான்காவதில் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நடுத்தெருவில் அவள் அவர் தோளைப் பிடித்து நான் பார்த்ததில்லை. இரண்டு பேருக்கும் வெட்கமாக இருந்தது, எனக்கும்தான்.

மெயின் ரோட்டைக் கடந்தால்தான் ஆஸ்பத்திரிப் பக்கம் போகும் நிறுத்தம். அத்தான் ஓரத்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டார். ரொம்ப நேரம் நின்றார்.

"என்ன அத்தான்?"

"இந்த வளைவுல சத்தம் அடிபட்டுப் போகுது மாப்ள. லாரி வர்றது காதுக்குக் கேக்கல. கண்ணுக்குத் தெரியும்போதுதான் காதுக்கும் வருது. வேகமா நடக்கறவன் தப்பிச்சிருவான்."

அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினார். கூட்டத்துக்கு வரச் சொல்லி இல்லை. அந்த அளவுக்கெல்லாம் போகவில்லை. நீங்கள் ஏழாம் நம்பரில் எங்கே போகிறீர்கள் என்று மட்டும் கேட்டார். கேட்டதை நீல நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு நோட்டை என்னிடம் நீட்டினார்.

"நீ பேசு மாப்ள. உனக்குத்தான் எல்லாம் தெரியும். நான் மைக்க உனக்குத் தகுந்த மாதிரி வச்சுத் தர்றேன். அந்தத் தகர சத்தம் வராம பார்த்துக்கறேன்."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இரண்டு பக்கம் எழுதினேன். ஜனநாயகத்தில் தொடங்கி, உலக நாடுகள் வழியாக வந்து, ஏழாம் நம்பருக்கு வந்து சேர்வதாகத் திட்டம்.

பத்தொன்பதாம் தேதி சாயங்காலம் நான்கு மணிக்குக் கூட்டம். ஹாலில் ஆறு மின்விசிறி, நூறு பிளாஸ்டிக் நாற்காலி, மேடையில் ஒரு நீள மேசை, ஆளுக்கொரு கண்ணாடி டம்ளர் தண்ணீர். எழுத்தர் அம்மாள் பதிவேட்டை அத்தானிடம் நீட்டினார். அத்தான் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கிவிட்டார். "சார், சாவிக்குத்தான் சார்" என்று அந்த அம்மாள் சொல்லிப் பார்த்தார். "இருக்கட்டும்மா" என்று முழுதும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

எங்கள் தெருவைக் கூப்பிட்டார்கள். நான் காகிதத்தையும் நீல நோட்டையும் எடுத்துக்கொண்டு போய் மைக் முன்னால் நின்றேன். "மதிப்பிற்குரிய" என்றேன்.

மருந்துக் கடையில் என் குரல் என் அளவில்தான் இருக்கும். இங்கே நான்கு பாக்ஸிலிருந்து நான்கு ஆள் சேர்ந்து 'மதிப்பிற்குரிய' என்று என் மேலேயே வந்து விழுந்தார்கள். யார் இவன், இவ்வளவு சத்தமாகப் பேசுகிறானே என்று எனக்கே பயமாகிவிட்டது. கையிலிருந்த காகிதம் சலசலத்தது, அதுவும் நான்கு பாக்ஸில் கேட்டது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சொல்லுங்க, நேரம் போகுது" என்றார். நான் மறுபடியும் "மதிப்பிற்குரிய" என்றேன்.

அத்தானைப் பார்த்தேன். வழக்கம்போல் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு இனி அசையப்போவதில்லை என்று எனக்கு முன்னாலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஹெட்ஃபோனைக் கழற்றி மிக்ஸர் மேல் வைத்தார். எழுந்து வந்தார். என் கையிலிருந்த நீல நோட்டை வாங்கிக்கொண்டு, மைக்கைக் கழற்றிக் கையில் பிடித்தார்.

"ஹலோ... ஹலோ... ஒன்... டூ... த்ரீ..."

ஹாலே சிரித்தது. அவர் வேண்டுமென்று சொல்லவில்லை. கையில் மைக் வந்தால் வாயில் அதுதான் வரும். சிரிப்பில் தடுமாறி ஒரு அடி பின்னால் நகர்ந்து பாக்ஸுக்கு நேரே போய்விட்டார். கிளம்பியது பாருங்கள் ஒரு ஊளை. காதைப் பொத்திக்கொள்ளாத ஆளில்லை. இருபத்திரண்டு வருடத்தில் அவர் செட்டில் அப்படி ஒரு சத்தத்தை யாரும் கேட்டதில்லை. அவர் முகம் வெளுத்துவிட்டது. மிக்ஸரைப் பார்த்தார். மடக்கு நாற்காலி காலி.

மூன்றாவது வரிசையிலிருந்து அக்கா எழுந்தாள். நாற்காலி நாற்காலியாகப் பிடித்துக்கொண்டு நடந்து போய் அந்த மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தாள். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். ஒரு குமிழைத் திருகினாள், அது இல்லை. பக்கத்துக் குமிழைத் திருகினாள். ஊளை அடங்கியது. அத்தானைப் பார்த்துக் கையைக் காட்டி முன்னால் வரச் சொன்னாள். பிறகு, 'ம், பேசுங்க' என்று தலையை ஆட்டினாள்.

அவர் பேசினார். குரல் நடுங்கியது. ஆனால் நின்று போகவில்லை.

"போன மாசம் எட்டாம் தேதி நான் இதே ஹால்ல இருந்தேங்க. அந்தக் கையெழுத்து என்னோடதுதான். கரண்ட் ரூம் சாவிக்காகப் போட்டேன். ஆட்சேபணை இல்லைன்னு எழுதியிருக்கீங்க. நீங்க எழுதினது தப்பில்ல. நான் எதுவும் சொல்லல."

நோட்டைப் பிரித்தார்.

"எங்க தெருவுல முப்பத்தோரு பேரு தினமும் ஏழாம் நம்பர்ல போறாங்க. இதுல ஊன்றுகோல் வச்சு நடக்கறவங்க மூணு பேரு. எட்டு மாசம் ஒருத்தங்க. டெய்லர் ஒருத்தரு, தையல் மெஷினையே தூக்கிட்டுத்தான் போறாரு. என் வீட்டுல அவங்களுக்கு முட்டி தேய்மானம். மெயின் ரோடு வரைக்கும் எனக்குப் பதினோரு நிமிஷம், அவங்களுக்கு இருபத்து மூணு. நாலு இடத்துல நிக்கறாங்க. ரோட்டுல வளைவுக்கு அந்தப் பக்கம் வர்ற லாரி சத்தம் இந்தப் பக்கம் கேக்காது. யார் வேணா வந்து நின்னு பாருங்க. நான் கூட்டிட்டுப் போறேன்."

அதிகாரி கேட்டார், உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான்: "இதெல்லாம் போன தடவையே சொல்லியிருக்கலாமே?"

"கேக்கல சார்" என்றார் அத்தான். "நீங்க பேசினது ஊருக்கே கேட்டுச்சு. மைக் கட்டினது நான்தான். எனக்கு மட்டும் கேக்கல. எங்க தெருக்காரங்க யாருக்கும் இப்படி ஒரு கூட்டம் நடக்கறதே தெரியாது சார். தெரிஞ்ச ஒரே ஆளு நான்தான். அவங்களுக்குப் போய் ஒரு வார்த்த சொல்லியிருக்கணும்."

"அவ்வளவுதான். நன்றி" என்று மைக்கைத் திரும்ப மாட்டி, உயரத்தைச் சரிசெய்து, அடுத்த தெருக்காரருக்காக ஸ்பாஞ்சையும் திருத்திவிட்டு இறங்கினார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தூசி இல்லை, ஒன்றும் இல்லை. அழுதேன். எத்தனையோ தலைவர்களைப் பற்றித் தொண்டை வறளப் பேசியவன் நான், ஒருவர் பேச்சுக்கும் அழுததில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து முடிவு வந்தது. காலையில் இரண்டு நடை, சாயங்காலம் இரண்டு நடை எங்கள் தெருவுக்குள் வரும், நடுப்பகலில் வராது. இது பாதி வெற்றிதான், இதை ஏற்கக் கூடாது, மேலே போக வேண்டும் என்று நான் சாப்பாட்டு மேசையில் குதித்தேன். அத்தான், "மெதுவா பேசு மாப்ள" என்றார். அக்காவின் வேலை நேரத்துக்கு அந்த நான்கு நடையே போதும். தையல்காரருக்குத்தான் நடுப்பகல் நடை வேண்டும். அடுத்த கூட்டம் எந்தத் தேதி என்று எழுத்தர் அம்மாளிடம் அத்தானே கேட்டு வைத்திருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"அப்ப இனிமே அரசியல்ல ஆர்வம் வந்துருச்சுன்னு சொல்லுங்க" என்று சீண்டினேன்.

"சேச்சே. அதெல்லாம் எனக்கு எதுக்கு?"

சொன்னவர் சொன்னபடிதான் இருக்கிறார். எந்தக் கட்சிக்கு யார் தலைவர் என்று இன்றைக்கும் தெரியாது. ஆனால் போன வாரம் மைதானத்தில் ஒரு பெரிய கூட்டம் நடந்தபோது எட்டிப் பார்த்தேன். அதே மடக்கு நாற்காலி, அதே மிக்ஸர். ஹெட்ஃபோனை ஒரு காதில் மட்டும் மாட்டியிருந்தார். இன்னொன்றை வெளியே விட்டிருந்தார்.

நீல நோட்டையும் நேற்றுப் பார்த்தேன். பத்தொன்பதாம் தேதிப் பக்கத்தில் அக்காவின் கையெழுத்து, மாவுக்கட்டு மேல் எழுதிப் பழகிய பெரிய பெரிய எழுத்து:

'எங்க வீட்டுக்காரர். புது ஆள். குரல் நடுங்கும். மைக்கை முழுங்குவார். நாலு நிமிஷம். ஒரு இடத்தில் ஊளை. சொன்னது எல்லாம் கேட்டது.'